கோல்ஃப் மட்டைகளைக் கட்டும் முன்

நண்பர்களே, கொழும்பு போக மதுரையில் விமானம் ஏறுகிறோம். மட்டைகளை எதில் வைத்துக் கொண்டுவருவது என்று பலர் கேட்டீர்கள்.

கெட்டிப் பெட்டி நல்ல பாதுகாப்புதான். ஆனால் பெட்டியே சில கிலோவைத் தின்றுவிடும், கீழக்கரையிலிருந்து வரும் கார் டிக்கியிலும் லேசில் அடங்காது. என் ஓட்டு, சக்கரம் வைத்த துணி உறைக்கு. மேல்பக்கம் தடித்த பஞ்சு இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள்.

துணி உறையில் ஆபத்து, முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டையான டிரைவருக்கு. சுமார் 45 அங்குலம், பையில் அதுதான் உயரம். தலைகீழாகப் போட்டால் முதல் அடி அதற்குத்தான். போன தடவை என்னுடையது கழுத்தோடு முறிந்து வந்தது. தலை கழற்றக்கூடியது என்றால் கழற்றிக் காலுறைக்குள் போடுங்கள். அப்புறம் டிரைவரைவிட இரண்டு அங்குலம் நீளமான கம்பு ஒன்றை நடுவில் நிறுத்துங்கள், அடியை அது வாங்கிக்கொள்ளும். மாப் கட்டையின் முனையில் டென்னிஸ் பந்தைச் செருகினாலே போதும், சிரிக்காதீர்கள்.

நம் ஊர் உப்புக்காற்று தெரிந்ததுதானே? அயர்ன் மட்டைகளை நன்றாகத் துடைத்து வையுங்கள், ஈரத் துண்டை உள்ளே சுருட்டி வைக்காதீர்கள்.

மட்டைகள் 14 போதும், ஆட்ட விதியும் அதற்கு மேல் விடாது. தூரமானியின் மாற்று பேட்டரி கைப்பையில் இருக்கட்டும். எடை வரம்பு டிக்கெட்டில் இருக்கிறது, வீட்டிலேயே நிறுத்துவிடுங்கள்.