வாரியத்தைக் கலைக்கும் சட்டம் எழுதுவோருக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மடல்

தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சின் அதிகாரிகளுக்கும், சட்ட வரைவு எழுதும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோது, அப்பா வேன் ஓட்டிய சிறிய அரசு வாரியம் கலைக்கப்பட்டது. அந்த மாதம் ஒரு ஸ்டோர் கிராணி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நாற்காலியில் ஏறி நின்று, சீலிங் காற்றாடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தார். அம்மா கீழே நின்று டார்ச் அடித்தார். கட்டில், அலமாரி என எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. எல்லாம் பட்டியலில் ஏறிப் புதிய இலாகாவுக்குப் போயின. அப்பா பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 19 வருடம் வேலை செய்தும், அவர் ஆண்டுக்கு ஆண்டு கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்ட டிரைவர்தான். மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னொரு கடிதம்.

வாரியங்களை இணைப்பதோ கலைப்பதோ தவறு என்று நான் சொல்லவில்லை. 1998 ஜனவரி 1-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உட்பட மூன்று அமைப்புகள் சேர்ந்து மலேசிய ரப்பர் வாரியம் ஆயின. 2000 மே 1-இல் செம்பனை ஆராய்ச்சிக்கும் உரிமத்துக்கும் இருந்த இரண்டு அமைப்புகள் சேர்ந்து மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஆயின. தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையமான ஸ்பாட்டின் வேலை 2019 ஜனவரி 1-இல் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அப்பாட் என்ற முகமைக்குப் போனது. இனியும் இப்படி நடக்கும்.

இத்தகைய சட்டங்களில் சொத்துக்கான பிரிவு உறுதியாக இருக்கும். குறித்த நாள் விடிந்தால் நிலம், கட்டடம், கடன், வழக்கு எல்லாம் புதிய அமைப்புக்குத் தானாகவே போய்விடும். ஆளை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது, அவரிடம் விருப்பம் கேட்க வேண்டும். அது சரியான முறைதான், அதை மாற்ற வேண்டாம். ஆனால் யாரிடம் கேட்கிறீர்கள்? நிரந்தர ஊழியரிடம் மட்டுமா?

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோட்டம் கைமாறுவது பழகிப்போன விஷயம். பணிநீக்கப் பலன்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு விதிப்படி, புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழையதைவிடக் குறையாத நிபந்தனையில் வேலை கொடுக்க முன்வர வேண்டும். இல்லையென்றால் தொழிலாளிக்குப் பணிநீக்கப் பலன் உண்டு. ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். ஒரு தனியார் தோட்டம் விற்கப்படும்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, அரசு வாரியம் கலையும்போது அதன் டிரைவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் குறையக் கூடாது. அதைச் சட்டத்திலேயே, சொத்துப் பிரிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வீட்டு விஷயமும் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் ஓர் இலாகாவுக்கும் அதில் குடியிருப்பவரின் வேலை வேறோர் இலாகாவுக்கும் போனால், அந்தக் குடும்பம் நடுவில் நிற்கும். பள்ளி ஆண்டு முடியும்வரையாவது அவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். நான் ஆண்டு நடுவில் பள்ளி மாறினேன். அம்மாவிடம் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

கடைசியாக ஒன்று. கான்ட்ராக்ட் புதுப்பித்த ஒவ்வொரு வருடத்தையும் தொடர்ச்சியான சேவையாகக் கணக்கில் எடுங்கள். அப்பாவின் 19 கடிதங்கள் பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. இனி ஒரு டிரைவர் அப்படிக் கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டினால், கவுண்டரில் இருப்பவர் அவற்றை எண்ணிப் பார்க்கச் சட்டம் இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாரிய டிரைவரின் மகள்
சுங்கை சிப்புட், பேராக்