வாய்க்காலில் பூத்த ஊதாப்பூ

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி அறையில் சென்ற வாரம் நடந்த புகைப்படக் கண்காட்சி பற்றி உங்கள் நாளிதழில் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. முதல் முயற்சி செய்யும் ஒருவரை மதித்துப் போட்டீர்கள், நன்றி. ஆனால் 'டெல்டாவின் இயற்கை எழில்' என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு நெருடுகிறது. பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் லஸ்கராக இருந்து, மதகுப் பலகையை ஏற்றி இறக்கியே தோள்பட்டை தேய்ந்தவன் நான்.

அந்தத் தம்பிக்குத் தொழில் கல்யாணப் படம் எடுப்பது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் கேமராவோடு வயல் பக்கம் போக முடிகிறதாம். அதனால் பாதிப் படங்களில் ஆடி வெயில், மீதியில் மார்கழிப் பனி. சாப்பாட்டு மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, சுவருக்குச் சுவர் நைலான் கயிறு இழுத்து, துணி கிளிப்பில் படங்களை மாட்டியிருந்தார். மின்விசிறி சுற்றினால் படங்கள் ஊஞ்சலாடின; நிறுத்தினால் பார்க்க வந்தவர்கள் வேர்த்து வழிந்தார்கள். கடைசியில் விசிறியை நிறுத்திவிட்டார்கள்.

கூட்டம் அதிகம் நின்றது ஒரு பெரிய படத்தின் முன்னால். பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்கால், கரைக்குக் கரை ஊதாப்பூ. மேல் இதழின் நடுவில் மயில்கண் போல நீலம், அதற்குள் ஒரு மஞ்சள் பொட்டு, பொட்டின் மேல் ஒரு பனித்துளி. கீழே 'ஊதாக் கனவு' என்று எழுதியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், "இந்தக் கனவு வந்துதான் என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை" என்றார்.

அது ஆகாயத்தாமரை. மழை பெய்தால் வடியவிடாது, மழை நின்றால் பாயவிடாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கொக்கிக் கம்பால் இழுத்துக் கரையில் போடுவோம். பதினைந்து நாளில் அதே இடத்தில் பழையபடி மிதக்கும். இத்தனை வருடம் அதோடு மல்லுக்கட்டியும், பூவுக்குள் மஞ்சள் பொட்டு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். படம் எடுத்தவரின் கண்ணைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு படம். 2024 ஆடி முதல் வாரம் என்று தேதி போட்டிருந்தது. பசேல் என்று குறுவைப் பயிர், அதன் மேல் கொக்குகள். எல்லோரும் பயிரைப் பார்த்தார்கள், நான் வாய்க்காலைப் பார்த்தேன். வெடித்துக் கிடந்தது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூரை அந்த வருடம் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். பிறகு அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? படத்தின் இடது மூலையில் ஒரு நீலக் குழாயின் வாய் தெரிகிறது. பம்புசெட் தண்ணீர். அந்தக் குழாயை வெட்டி எறியாமல் விட்டதற்காகவே தம்பிக்குக் கைகொடுத்தேன்.

இயற்கை என்று எதைச் சொல்கிறோம்? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரிப்பது ஷட்டர். நீடாமங்கலம் பக்கம் கோரையாறு தலைப்பில் பாமணி, கோரையாறு, வெண்ணாறு என்று மறுபடி பிரிப்பதும் ஷட்டர்தான். அதற்குக் கீழே வாய்க்கால், கன்னி வாய்க்கால், வரப்பு என்று எல்லாமே மண்வெட்டி போட்ட கோடு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படத்தில்கூட மீன்முள் மாதிரி வெட்டிய வாய்க்கால்கள் தெரிந்தன. வானத்தையும் கொக்கையும் தவிர, அந்த அறையில் ஆள் கை படாதது எதுவும் இல்லை. (கஜா புயலில் தலை முறிந்த தென்னைகள் ஒரு படத்தில் இருந்தன. அதன் முன்னால் மட்டும் யாரும் பேசவில்லை.)

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்; பேனாவை எடுத்து, 'ஊதாக் கனவு' என்பதை அடித்துவிட்டு, "வாய்க்கால் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாப் படத்துக்கும் வாய்க்கால் பெயரும் தேதியும் போடச் சொன்னேன். அப்படிப் போட்டால் ஒவ்வொரு படமும் ஒரு மனு.

அடுத்த கண்காட்சியை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் நடக்கிறதே, அந்தக் கூடத்தில் அதிகாரிகள் உட்காரும் பக்கத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் அந்த ஆகாயத்தாமரைப் படத்தை மட்டுமாவது மாட்டலாம் என்றேன். அனுமதி கேட்கத் தயங்குகிறார். உங்கள் நாளிதழில் இரண்டு வரி வந்தால் தயக்கம் தீரும். படம் நாலடிக்கு மூன்றடிதான். அங்கேயும் மின்விசிறி உண்டு. அதனால் கிளிப் வேண்டாம், ஆணி அடித்தே மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர்,
நீடாமங்கலம்.