அடங்கலில் தண்ணீர் நின்ற நாட்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியா 2024 டிசம்பர் 30 அன்று ஐ.நா. பருவநிலை அமைப்பிடம் அளித்த நான்காவது ஈராண்டு அறிக்கை, 2020ஆம் ஆண்டின் பசுங்குடில் வாயுக் கணக்கைத் தருகிறது. அதில் வேளாண்மையின் பங்கு 13.72 சதவீதம். நீர் தேங்கிய நெல் வயலில் கிளம்பும் மீத்தேனும் இதில் சேர்த்தி. அந்தக் கணக்கு துல்லியமாக வர, சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கத்து வயல்களில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று தெரிந்தாக வேண்டும். எந்த நிலத்தில் என்ன பயிர், என்ன பாசனம் என்று எழுதும் கிராம அடங்கலில் அதற்கு இடமில்லை.

ஐ.நா.வின் பருவநிலை நிபுணர் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி தரும் பொதுக் கெழுவை (உமிழ்வைக் கணக்கிடும் எண்ணை) வைத்தே பார்க்கலாம். விடாமல் நீர் தேங்கிய வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோ மீத்தேன். 110 நாள் பயிருக்கு 143 கிலோ. வறட்சிக்கு ஆளாகும் மானாவாரி வயலானால் 0.25ஆல் பெருக்க வேண்டும். சாகுபடிக்கு முன் 180 நாளுக்கு மேல் காய்ந்து கிடந்த நிலமென்றால் மேலும் 0.68ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 24 கிலோதான். எந்த இனத்தில் எழுதுகிறோம் என்பதிலேயே ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம்!

செட்டிநாட்டில் பிழை புகுவது இங்கேதான். புழுதியில் விதைக்கிறோம். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் மடை திறக்கிறோம். பெருகாவிட்டால் வானம் பார்த்த பயிர். இரண்டு ஆண்டிலும் பாசன ஆதாரம் 'கண்மாய்' என்றே எழுதினால், காய்ந்த வயலும் நீர் நின்ற வயலாகிவிடும். நாட்டுக்கென அளந்த கெழுக்கள் இருந்தாலும், பரப்பை இனம் மாற்றிச் சேர்த்த பிழையை அவை திருத்தாது.

மின்னணு பயிர்க் கணக்கெடுப்பில் நான்கு விவரங்களைக் கூட்டச் சொல்கிறோம்: நீர் கட்டிய தேதி, வடிந்த தேதி, இடையில் வயல் காய்ந்த தடவைகள், அறுத்த நெல்லின் தாளை மடக்கி உழுத தேதி. இவற்றாலும் கணக்கு மாறும்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்ட பாசன வயலுக்கு, ஒரு முறை காய்ந்தால் 0.60ஆலும் பலமுறை காய்ந்தால் 0.52ஆலும் பெருக்க வேண்டும். தாளைக் கோடை உழவிலேயே மடக்கினால், தாளால் கூடும் மீத்தேனைக் கணக்கிட அதன் எடைமானம் 0.29, சாகுபடிக்கு முந்தைய 30 நாளுக்குள் மடக்கினால் 1.

அறுவடையின்போது விவசாயியிடம் கேட்டு எழுதினால் தேதிகள் நிற்காது. கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டில் மடையருகே ஒன்று, நடுவே ஒன்று, கடைமடையில் ஒன்று என மூன்று வயல்களில் 30 செ.மீ. பிவிசி குழாயைப் பாதி உயரம் புதைக்க வேண்டும். புதையும் பாதியில் துளைகள் இருக்க வேண்டும். உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர்மட்டம் தெரியாது. நீர்மட்டத்தை அடிக்கடி அளந்து எழுத வேண்டும். கடைமடையை விட்டுவிடக் கூடாது; முதலில் காய்வது அதுதான்.

வருவாய்க் கணக்கு ஆண்டான புதிய பசலி ஜூலை 1இல் பிறக்கிறது. அதற்குள் வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து வட்டத்துக்கு ஒரு கண்மாயையாவது தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம்.

– வேளாண் கணக்கெடுப்பு அறிந்த வாசகர்கள்,
காரைக்குடி