ஒரு இலை போதும்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பூச்சி பிடிக்கும் டிரோசெரா செடி கருகிவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கும் மனசு கேட்கவில்லை. இங்கே தாய்ச்செடி நன்றாக இருக்கிறது. அதிலிருந்து நான்கு இலைகளைக் காம்போடு கிள்ளி, மழைத்தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பரில் சுற்றி, இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன்.

பழைய தொட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே. உன்னுடையது தென்னாப்பிரிக்க கேப் வகை. மேலே கருகினாலும் அடியில் வேர் உயிரோடு இருக்கலாம். தடித்த கறுப்பு வேர் கிடைத்தால் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் புது பீட் மாஸில் (மக்கிய சதுப்புப் பாசி) படுக்கவைத்து, மேலே லேசாக மூடு. அதிலிருந்தும் முளைக்கும்.

பெங்களூரு போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இது சத்தில்லாத சதுப்பு மண்ணில் வளர்ந்து பழகிய செடி. நைட்ரஜன் போதாமல்தான் பூச்சி பிடிக்கிறது. வேருக்கு உப்பும் ஆகாது, உரமும் ஆகாது. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் உப்பு கரைந்த தண்ணீர்தான் நல்லது. நம் கீழக்கரைக் கிணற்றுத் தண்ணீரை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோக முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையை மொட்டைமாடியில் டிரம் வைத்துப் பிடிக்கிறேன். கடல்காற்றில் படிந்த உப்பு போகட்டும் என்று முதல் மழையை விட்டுவிடுவேன். உனக்கு அங்கே மழைத்தண்ணீர் கிடைக்காவிட்டால் டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. மினரல் வாட்டர் வேண்டாம்.

சரி, இலைக்கு வருகிறேன். கழுவிய கண்ணாடி டப்பாவில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு இலைகளை மிதக்கவிடு. பூச்சியைப் பிடிக்கும் பசை முடி உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். மூடி போட்டு, வெளிச்சம் நிறைய வரும் ஜன்னலில் வை, நேர் வெயில் படாமல். பாசி பிடித்தால் தண்ணீரை மாற்று. முதலில் சிவப்பு முடியெல்லாம் வெளுக்கும், இலை ஓரம் கறுக்கும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதே. மூன்று வாரமோ ஆறு வாரமோ கழித்து, அந்த இலையின் மேலேயே கடுகைவிடச் சின்னதாகப் பச்சை முண்டு கிளம்பும். பிறகு அதில் நகக்கண் அளவுக்கு ஓர் இலை. லென்ஸ் வைத்துப் பார், அந்தக் குட்டி இலையிலும் நாலைந்து முடி நிற்கும், ஒவ்வொரு நுனியிலும் பசைத்துளி மின்னும். உன் உம்மாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டோம்.

வேர் விட்டதும் பீட் மாஸும் கழுவிய குவார்ட்ஸ் மணலும் கலந்து நடு. கடல்மணல் கூடவே கூடாது. தொட்டியைத் தட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற. அப்புறம், தீனி ஊட்ட அவசரப்படாதே. டார்வின் இறைச்சித் துணுக்கு வைத்து முடி வளைவதைப் பார்த்து 1875-ல் புத்தகமே போட்டார். ஆனால் பிஞ்சு இலையில் பெரிய துண்டு வைத்தால் இலை அழுகிவிடும்.

நீ கேட்ட பர்மானி என்ற நம் நாட்டு டிரோசெரா வகைக்கு இந்த வழி சரிப்படாது. அது ஒரு பருவத்தில் முடிகிற செடி, விதையில்தான் வளர்க்க வேண்டும். எங்கேயாவது ஈர மணலில் கண்டாலும் பிடுங்காதே.

கவர் கைக்கு வந்ததும், இரவு எத்தனை மணியானாலும் இலைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கு.

துஆவுடன்,
வாப்பா