வாயால் இழுத்த பெட்ரோல்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தங்கச்சி மகனோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன், அதான் எழுதவில்லை. பயப்படாதே, இப்போது பையன் காலையில் பிரட்டுக்குப் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறான்.

தோட்டத்தில் புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். மோட்டார் சைக்கிள் டேங்கில் டியூபை விட்டு வாயால் இழுத்திருக்கிறான். நாம் இழுக்காத டியூபா! இவனுக்கு ஒரு மடக்கு உள்ளே போய்ப் புரையேறிவிட்டது. வீட்டுக்கு வரும்போது கண் சிவந்து, விடாத இருமல். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வை என்றார்கள் பக்கத்து வீட்டில். நானும் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, குடிக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் அதைக் கேட்டதும் என்னை ஒரு முறை முறைத்தார். வயிற்றுக்குப் போனதைவிட மூச்சுக்குழாயில் இறங்கிய சில சொட்டுதான் ஆபத்தாம். பெட்ரோல் மெல்லிசு இல்லையா, நுரையீரலுக்குள் சட்டென்று பரவிவிடும். காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற வழவழப்பான படலத்தைக் கெடுத்துவிடும். வாந்தியெடுத்தால், மேலே வருவது மறுபடியும் அந்தப் பக்கம் இறங்கும். ராத்திரியே காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் அடியில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளை. ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

அப்புறம் என் கதை. என் இருமலைக் கேட்டு என்னையும் குழாயில் ஊதச் சொன்னார். மூச்சு வயசுக்குக் கொஞ்சம் குறைவு. சிகரெட் தொட்டதில்லை என்றேன். என்ன வேலை என்றார். 28 வருஷம் டிராக்டர் ஷெட், மழை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடுவோம், சளி கறுப்பாக வரும் என்றேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டதாம். என் மூச்சுக்கு அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஷெட் கதவைத் திறந்து வை என்றார்.

ஆபீஸ் கிராணி தன் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றும்போது ஓடிப் போய் மோந்து பார்ப்பாயே, ஞாபகம் இருக்கா? அந்த வாசனையில் பென்சீன் இருக்கிறது. மூச்சோடு போனாலும் அது கெடுப்பது ரத்தத்தைத்தான். நீயோ நாள் முழுக்க எண்ணெய் ஸ்டேஷனில் நிற்கிறாய். காற்று வரும் பக்கமாகவாவது நில்.

பன்னிரண்டு வெள்ளிக்குக் கைப்பம்பு ஒன்று வாங்கினேன். பையன் அதை மெஷினோடு கட்டி வைத்திருக்கிறான். தைப்பூசத்துக்கு வருகிறாயா? லயத்தில் நம் வீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள், வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
ராஜு