பழுதுக் குறியீட்டை அழிக்கும் முன் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனக்குடாப் பக்கத்துப் பெரிய ஆலைகள் முதல் மீனவர்களுக்கு ஐஸ் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் வரை, திருகோணமலையில் இன்று பெரும்பாலான இயந்திரங்கள் இலத்திரனியல் கட்டுப்பாட்டுத் தொகுதிகளை நம்பியே ஓடுகின்றன. அவை பழுதைக் காட்டும்போது நம்மவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம், நீண்டகாலமாகப் பராமரிப்புப் பணியில் இருக்கும் என்னை வருத்துகிறது. சிவப்பு விளக்கு எரிந்ததும் ரீசெட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். திரையில் தோன்றிய குறியீட்டை எவரும் எழுதி வைப்பதில்லை.

அக்குறியீடு எவ்வளவு சொல்கிறது என்பதை மின்பிறப்பாக்கிகளை வைத்தே விளக்கலாம். அவற்றின் டீசல் எஞ்சின்களில் பரவலாக உள்ள, கட்டுப்பாட்டுத் தொகுதிகள் தகவல் பரிமாறும் முறையை வகுக்கும் ஜே1939 நியமத்தின்படி ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது எந்த அளவீடு என்பதையும், இரண்டாவது அதற்கு என்ன நேர்ந்தது என்பதையும் குறிக்கும். 100 என்றால் எஞ்சின் எண்ணெய் அமுக்கம். அதனுடன் 1 வந்தால் அமுக்கம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் தெரியும் வரை எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அதே 100 உடன் 4 வந்தால், சென்சரிலிருந்து வரும் வோல்ட்டளவு இருக்க வேண்டியதிலும் குறைந்துவிட்டது என்று பொருள். எண்ணெயில் குறையே இல்லாமல், வயர் எங்கோ எஞ்சின் உடலோடு தொட்டுக்கொண்டிருக்கலாம். முன்னதற்கு எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பார்க்க நேரிடும், பின்னதற்கு மல்டிமீட்டர் போதும். “ஒயில் பிரஷர் பிழை” என்று தொலைபேசியில் சொல்லி அனுப்பும்போது இந்த வேறுபாடு முழுவதும் தொலைந்துபோகிறது.

நகருக்கு அண்மையிலுள்ள ஓர் ஐஸ் தொழிற்சாலையில், மின்தடை வரும்போதெல்லாம் மின்பிறப்பாக்கி சற்று நேரம் ஓடி நின்றுவிடும். ஒவ்வொரு ஷிப்டிலும் ரீசெட் செய்தார்கள். பின்னர் பெருஞ்செலவில் கட்டுப்பாட்டுத் தொகுதியையே மாற்றினார்கள்; பழையதன் நினைவகத்தில் இருந்த சான்றும் அதனுடன் போய்விட்டது, பழுது மட்டும் போகவில்லை. குறியீட்டையும் நேரத்தையும் சுமையையும் எழுதத் தொடங்கிய பிறகுதான், எப்போதும் 100 உடன் 4 வருவதும், கொம்பிரஸர் ஓடத் தொடங்கி அதிர்வு கூடும் வேளையிலேயே அது வருவதும் தெரிந்தன. தாங்கி (பிராக்கெட்) ஒன்றில் உராய்ந்து காப்புறை தேய்ந்த ஒரு வயரே காரணம்.

நினைவகத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பல தொகுதிகளில் இடம் நிரம்பியதும் புதிய பதிவு பழையதை அழித்துவிடும். உள்ளிருக்கும் சிறு பற்றரி தீர்ந்துவிட்டால் திகதியும் நேரமும் பொய்யாகும். குறியீடே காட்டாத பழுதுகளும் இருக்கின்றன. மின்தடை மாறுவதைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் பிடி100 சென்சர் இரண்டு வயர்களில் மட்டும் இணைக்கப்பட்டிருந்தால், உப்புக் காற்றாலும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி ஈரத்தாலும் துருவேறிய முனையில் 1 ஓம் தடை கூடினாலே, உள்ளதைவிடச் சுமார் 2.5 பாகை அதிகமாகக் காட்டும். தொகுதி அதை உண்மை என்றே நம்பிக் குளிரூட்டியைத் தேவையின்றி ஓட்டிக்கொண்டிருக்கும். தனி வெப்பமானியில் பார்த்த அளவையும் திரையில் உள்ள அளவையும் வாரந்தோறும் அருகருகே எழுதி வைத்திருப்பவருக்கே இந்த விலகல் கண்ணில் படும்.

இவ்வளவு பயனுள்ள பதிவேடு ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்றால், தொழிலாளர்களின் சோம்பல் காரணமல்ல என்பதே என் கருத்து. பழுதை எழுதியவரிடமே “நீதானே கெடுத்தாய்” என்று கேட்கும் முகாமையாளர்கள் இருக்கும் வரை, எவரும் துணிந்து எழுதமாட்டார்கள். ஆகவே பழுதைப் பதிந்தவர் மீது அதற்காக நடவடிக்கை இல்லை என்பதை உரிமையாளர்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு எண்கள், எத்தனையாவது முறை, எஞ்சின் ஓடிய மணித்தியாலம், அப்போதைய சுமை, அளந்து பார்த்த பெறுமானம், செய்த வேலை ஆகியவற்றுக்கு இடம் விட்டுத் தமிழில் அச்சிட்ட தாள்களைக் கட்டுப்பாட்டுப் பலகையின் கதவுக்குள்ளேயே வைக்கலாம். நமது மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களும் செய்முறைப் பரீட்சையில், பழுதைத் திருத்தியதற்கு மட்டுமன்றி அதைப் பதிந்த முறைக்கும் புள்ளி வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.