சாரங்கேடாலருந்து கோபி வரைக்கும்

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி, பாப்பா எல்லாம் சௌக்கியமா? குதிரை வந்துருச்சான்னு மூணு தடவ மெசேஜ் போட்டிருந்த, பதில் போடலன்னு கோவிச்சுக்காத, வந்ததுலருந்து ஒரு வாரமா லாயத்துலயேதான் கட்டில் போட்டுக் கெடந்தேன். இன்னைக்குக் காலைலதான் கொள்ளு தின்னுட்டு என் சட்டைப் பைய மூக்கால முட்டுனா, எனக்கும் உயிர் வந்துச்சு.

டிசம்பர்ல தத்த ஜெயந்திக்கு மகாராஷ்டிராவுல தப்தி ஆத்தங்கரைல கூடுற சாரங்கேடா சந்தைலதான் புடிச்சேன். மார்வாரி, நாலு வயசுப் பொட்டக்குதிரை, காது ரெண்டும் உள்ள வளைஞ்சு நுனி ஒண்ணோட ஒண்ணு தொடும், அதப் பாத்துத்தான் விழுந்தேன்னு வச்சுக்க. அங்கருந்து கோபி சுமார் 1500 கிலோமீட்டர். நான் பயந்ததெல்லாம் காலுக்குத்தான். லாரித் தளத்துல மணல் கொட்டி வைக்கோல் பரப்பி, நாலு காலுக்கும் பேண்டேஜ் சுத்தி ஏத்துனேன். ஆனா அவ நிக்கிறத நல்லாவே சமாளிச்சா. முன்னங்கால அகட்டி வச்சுக்கிட்டு வளைவுக்குத் தகுந்தாப்ல உடம்ப சாய்ச்சுக்குவா, டிரைவர் சட்டுனு பிரேக் போட்டா மட்டும்தான் தடுமாறுவா. அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லடா, வண்டி ஓடுற நேரம் பூரா தசை எல்லாம் இறுக்கிப் புடிச்சு நிக்கணும்.

நான் கோட்டை விட்டது கயித்துல. துள்ளிடுமோன்னு தலைய ஒசரமா, குட்டையா கட்டிட்டேன், அதுக்கு நேரா மூஞ்சிலயே தூசி புடிச்ச புல்லுமூட்டை வேற. டிரைவரும் அவசரத்துல கோலாப்பூர் வரைக்கும் எங்கயும் சரியா நிறுத்தல, 14 மணி நேரம். அங்க எறக்கி கயித்த விட்டேன் பாரு, பச்சைப்புல்லு இருந்தும் மேயல, தலைய மண்ணு வரைக்கும் தொங்கப்போட்டு அப்படியே நின்னா. ரெண்டு நிமிசத்துல மூக்குலருந்து மஞ்சளா சளி நூலு மாதிரி எறங்குது, அப்புறம் ஒரு செருமல், என் வேட்டி பூரா தெறிச்சுருச்சு.

டாக்டர் பின்னாடி சொன்னாரு, மேயற ஜாதிக்கு தலை கீழ போனாத்தான் மூச்சுக்குழாய்ல சேர்ற தூசியும் சளியும் வெளிய வருமாம், தூக்கிக் கட்டி வச்சா கிருமி நேரா நுரையீரலுக்கு எறங்கிடுமாம். கோபில வந்து இறங்குன அன்னைக்கு நல்லாத்தான் இருந்தா, மறுநாள் சாயங்காலம் தெர்மாமீட்டர் 103 காட்டுது, 101க்கு மேல போனாலே உஷாரா இருக்கணுமாம். இருமல், தீனி எடுக்கல. ஊசி மேல ஊசி, என்னையும் நல்லா திட்டுனாரு, வாங்கிக்கிட்டேன்.

தண்ணி இன்னொரு தலவலி. ஹூப்ளில பக்கெட் வச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, ஊர் மாறுனா தண்ணி வாசம் மாறுதுல்ல. குடிக்காம வறட்டுத்தீனி தின்னா லத்தி இறுகி வயித்துவலி வந்துடும், குதிரைக்கு வாந்தியும் எடுக்க வராது, அதனால குடல் ஓடுதான்னு பாக்க விலால காத வச்சு கடமுட சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே வந்தேன். குதிரை மசால்ங்கிற தீவனப்புல்ல தண்ணில முக்கிக் குடுத்ததுலதான் கொஞ்சமாச்சும் ஈரம் உள்ள போச்சு.

நீ பாப்பாவுக்கு பெங்களூர்லருந்து மதுரைக்கு குதிரை ஏத்துறேன்னியே, அதுக்குத்தான் இவ்வளவும். கெளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடியே அங்கயே தண்ணில துளி வெல்லம் கரைச்சுப் பழக்கச் சொல்லு, வழில அதே வெல்லத்தப் போட்டா ஊர்த்தண்ணி தெரியாது. கயிறு தாராளமா இருக்கட்டும், அதுக்காக கால் மாட்டுற அளவுக்கும் விட்டுடாத. சேலத்துல அரை மணி, கரூர்ல அரை மணி, தலைய கீழ விட்டு நிறுத்து. தொப்பூர் எறக்கத்துல டிரைவர் பக்கத்துல நீயே உக்காந்துக்க. வந்தப்புறம் மூணு நாளைக்கு காலைலயும் சாயங்காலமும் காய்ச்சல் பாரு.

ஆடில அந்தியூர் சந்தைக்கு இவள கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், நீயும் வா. 30 கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா இப்பல்லாம் லாரி சத்தம் கேட்டாலே பின்னாடி நடக்குறா, நடத்தியே கூட்டிட்டுப் போற மாதிரிதான் இருக்கும், நல்ல செருப்பா போட்டுக்கிட்டு வா.

உன்
மாப்ள